நாற்பத்தோராம் பக்கம்

குளியல் தொட்டியில் இப்போதும் தண்ணீர் நிற்கிறது.
செயின்ட் லூயிஸில் குழாய் ஒருநாளும் வறண்டதில்லை.
ஆனாலும் படுக்கப் போகுமுன்
தொட்டி, வாளி, சூப்புப் பானை,
என் பழைய பால்புட்டி வரைக்கும் நிரப்பிவிட்டுத்தான்
அம்மா விளக்கை அணைப்பாள்.
எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றிருந்தேன்,
பிராண்டன் வீட்டின் வெற்றுத் தொட்டியைப் பார்த்து
பயந்து அழுத நாள்வரை.

நான் பிறந்தபோது போர் முடிந்து இரண்டு வருஷம்.
ஒரு குண்டும் கேட்டதில்லை இந்தக் காது.
போன மாதம் ஒமாஹாவில், ஓட்டல் அறையில்,
நடுச்சாமத்தில் எழுந்து பார்க்கிறேன்:
இரண்டு தம்ளர், கெட்டில், பனிக்கட்டி வாளி,
எல்லாம் தளும்பத் தளும்ப.
எப்போது நிரப்பினேன்?

அதைத்தான் கதையாக்கினேன். கதை என்றால் பொய் சொல்லலாம்.
சரயேவோ, மார்ச் மாதம், தண்ணீர் வரிசை.
மெலிஹா என்று ஒருத்தி,
நான் இட்டுக்கட்டிய ஒரு தம்பி,
இரண்டு மஞ்சள் கேன்.
குண்டு விழுகிறது. கேனைப் போட்டுவிட்டு ஓடுகிறாள்,
அவன் தலையை மடியில் ஏந்திக் கதறுகிறாள்.
எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

ஞாயிறு மாலை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு
அவள் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்.
ஆங்கிலத்தில் எழுதியதை அவள் மொழியில்
தட்டுத் தடுமாறிப் படித்துக் காட்டினேன்.
வேற்றுமை உருபுகளை மட்டும் திருத்தினாள்,
நாற்பத்தோராம் பக்கம் வரும்வரை.

"யாரு கேனைப் போடுவா?"

நிமிர்ந்தேன்.

"நாலு மணி நேரம் நின்னு பிடிச்ச தண்ணி.
செனாத் கீழ கெடந்தான். பார்த்தேன்.
பார்த்தாலே தெரியும்.
என்கிட்ட ரெண்டு, அவன்கிட்ட ஒண்ணு.
மூணையும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.
ஒரு சொட்டு சிந்தலை.
வீட்ல ஒம்போது பேரு. காப்பி போட்டோம்.
குடிச்ச பிறகுதான் சொன்னேன்."

செனாத்.
அது என் பெயர்.
காதுக்கு நன்றாக இருந்தது, வைத்தேன் என்றுதான்
இத்தனை வருஷமும் சொல்லிவந்தாள்.

ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது.
அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
வேறு எதுவும் வாயில் வராமல்
"மாத்திடறேன்மா" என்றேன்.

"வேணாம். உன் மெலிஹா ஓடட்டும். நல்ல பொண்ணு."

கதவு வரை போய்த் திரும்பினாள்.
"கையுறை குடுத்தியா அவளுக்கு?
கேன் பிடி கையை அறுத்துடும்.
வாரக்கணக்கா ஆறாது."

பஸ் போன பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து
முதல் வரியிலேயே ஒரு ஜோடி எழுதினேன்.
கம்பளி. பச்சை. கொஞ்சம் பெரிய அளவு.
வரிசையில் நிற்கிறாள்.
அவளுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்.
கேனைப் போடுவாளா மாட்டாளா என்று
நான் இன்னும் எழுதவில்லை.