அடுக்குச் செவ்வரத்தை

ஏறாவூரில் பூங்கன்று விற்கிற முபஸ்ஸிர்
லஞ்ச் சீற்றில் சுற்றிக் கொண்டுவந்தார் பூவை,
இடியப்பம் மாதிரி, கசங்காமல்.
"மிஸ், பதினொரு வருசமா விக்கிறன்.
ஒரு காய், ஒரேயொரு காய் கண்டதில்ல.
தடி முறிச்சு நட்டாத்தான் வருது.
இதுக்கு என்ன வருத்தம்?"

வந்தாறுமூலையில் அன்று பத்து மணிக்கே கரண்ட் போயிருந்தது.
ஆய்வுகூடக் குளிர்ப்பெட்டிக்குள் என் ஆறு வார வேலை
மெல்ல வியர்த்துக்கொண்டிருந்தது.
செய்ய வேறொன்றும் இல்லை.
சன்னல் பக்கம் மேசையை இழுத்துப்போட்டு
சவர அலகால் பூவை நெடுக்காகக் கீறினேன்.

வெளியே ஐந்து இதழ், சரி.
உள்ளே எண்ணத் தொடங்கி
இருபத்தேழில் விட்டேன்.
சுருக்கும் மடிப்புமாய்,
கலியாணத்துக்குப் போகிற பெண்கள் முழுப்பேரும்
ஒரே ஆட்டோவில் ஏறியதுபோல.
கேசரம் நிற்கவேண்டிய தூணில்
கேசரம் இல்லை.

எப்படிச் சொல்வது இவருக்கு.
மூன்று பரம்பரையலகு என்று வையுங்கள்.
புத்தகத்தில் வேறு எழுத்து, நாங்கள் அ, ஆ, இ என்போம்.
அ தனியே நின்றால் புல்லி.
ஆவும் கூட வந்தால் அல்லி.
ஆவும் இயும் கேசரம்.
நடுவில், கடைசியில், இ மட்டும்: சூலகம்.
மூன்றும் எல்லாக் கலத்திலும் எழுதிக் கிடக்கிறது,
வேரில், நீங்கள் முறிக்கிற தடியில்கூட.
எங்கே வாசிப்பது, எங்கே வாய்மூடுவது,
அதுதான் பூ.
ஓரிடத்திலும் வாசிக்காமல் விட்டால்
நாலு வட்டமும் இலையாகவே நின்றுவிடும்.

"இலயா?"
இலைதான்.
"வெறும் இல?"
வெறும் இலை.

இக்கு இன்னுமொரு வேலை இருக்கிறது.
நுனியில் முளைத்துக்கொண்டேயிருக்கிற கலங்களிடம்
போதும் என்பது.
அதன் குரல் தளர்ந்த இடத்தில் அ வந்து குந்திக்கொள்ளும்,
கேசரம் இதழாகும்,
இதழுக்குள் இதழ், அதற்குள்ளும்.
பூ முடிகிற இடம் பூவுக்கே தெரியாது.

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை.
ரயில் ஒன்று ஏறாவூர்ப் பக்கம் போய்த் தேய்ந்தது.
"ஒத்தப் பூக்கண்டு எண்பது ரூவா, மிஸ்.
இது முன்னூறு.
போதும் எண்டு சொல்லத் தெரியாததுக்குத்தான்
சனம் காசி தருது."
லஞ்ச் சீற்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போனபின் கண்டேன்.
உள்ளிதழ் ஒன்றின் விளிம்பில்,
சேலை மடிப்பில் மாட்டிய சோற்றுப் பருக்கை போல
ஒரு மகரந்தக்கூடு.
பாதி இதழ், பாதி கேசரம்.
இரண்டு கட்டளையும் ஒரே நேரத்தில் காதில் விழ
இடையில் நின்றுபோனது.
தொட்டேன்.
பெருவிரலில் மஞ்சள்.

வேலியோரம் ஒற்றைச் செவ்வரத்தை ஒன்று நிற்கிறது,
சைக்கிள் சாத்தவென்று நட்டது என
எல்லாரும் நினைக்கிற மரம்.
அதன் பூவொன்றில், ஐந்து குறியிலும்
விரலைத் துடைத்தேன்.
சொந்தத் தூள் முந்தியிருக்கலாம், தெரியும்.
திட்ட அறிக்கையில் இல்லாத வேலை, அதுவும் தெரியும்.
நீல நூல் கட்டித் திகதி எழுதினேன்.

பின்னேரம் கரண்ட் வந்தது.
ஆறு வாரத்தில் மூன்று வாரம் மிஞ்சியது.

அடுத்த நாள் பூ சுருண்டு விழுந்தது,
எல்லாப் பூவும்போல.
காம்பும் விழும் என்று பார்த்திருந்தேன்.
வாழைச்சேனை பஸ்ஸை இரண்டு தரம் விட்டுவிட்டுப் பார்த்தேன்.

இன்று ஒன்பதாம் நாள்.
நூல் இருக்கிறது.
புல்லிக்குள் பச்சையாய் ஒன்று, மிளகளவு.
காயா, சும்மா வீக்கமா,
கிள்ளினால் தெரியும்.
கிள்ளவில்லை.
முபஸ்ஸிரிடம் இன்னும் சொல்லவுமில்லை.