இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

நெவில் ஓல்ட்ராய்ட் பாடியபோதெல்லாம்
நாடாவைச் சுழலவிட்டவன் நான்.
பெருமைக்குச் சொல்லவில்லை.
வாரம் பதினொரு பவுண்டு,
தேநீர் போடுவதும் என் கணக்கில்.

ஹல் துறைமுகத்து மீன்வாடை போகாத ஐந்து பையன்கள்
'டின் அட்மிரல்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு
அறுபத்து நான்கில் ஒரே பாட்டால்
நாட்டையே கத்த வைத்தார்கள்.
இரண்டு நிமிடம், பத்து வினாடி.
எல்லா வாத்தியமும் வந்து சேர்ந்த பிறகு
அரைக்கணம் பிந்தி வரும் நெவிலின் குரல்.
அந்தப் பிந்தலுக்குத்தான் பெண்கள் மயங்கி விழுந்தார்கள்.

அறுபத்தெட்டில் தனியே வந்தான்.
'மற்ற நால்வரும் என்னைப் பிடித்து இழுத்தார்கள்'
என்றான் பத்திரிகையில்.
இழுத்துப் பிடிக்கிற கை விட்டதும்
பட்டம் எந்தப் பக்கம் போகும் என்று
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் தட்டில் இருபத்திரண்டு வயலின்கள்.
அட்டையில் அவனும் ஒரு வாடகைக் குதிரையும்;
குதிரை நன்றாக இருந்தது.
டிரம்மர் அவனுக்காகக் காத்திருப்பான்,
வயலின்கள் காத்திருக்கவில்லை.
பேருந்தைத் துரத்துகிறவன் போல
பாட்டு நெடுக ஓடிவந்தான்.

மூன்றாவதில் வெள்ளி பூட்ஸ்.
நான்காவதில் மீசை, அமெரிக்கத் தாளம்,
அதை விடுங்கள்.
ஐந்தாவது கடைக்கே வரவில்லை.
அச்சடித்த ஆயிரத்தையும் ஆலையிலேயே உருக்கி
வேறு யாருக்கோ தட்டாக்கினார்கள்.
இன்று யார் வீட்டிலோ
கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அடியில்
கறுப்பாகக் கிடக்கிறான்.

இரண்டாவதைத் தாண்டிவிட்டேன்,
கவனித்திருப்பீர்கள்.

எழுபது, நவம்பர்.
கையில் காசில்லாத கம்பெனி
மூன்றே இரவுகள் கொடுத்தது.
வயலின் இல்லை. டிரம்மருக்குக் காய்ச்சல்.
பொறியாளர் ஹெப்டன் கடைசி ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.
நெவில் அன்று மாலைதான்
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான்.
பாதி முகம் மரத்துப்போய்,
சொல் ஒவ்வொன்றையும்
சூடான உருளைக்கிழங்கு போல
நாக்கில் உருட்டி உருட்டி வைத்தான்.
உரக்கப் பாடினால் ரத்தம் வரும்.
ஆகவே பாடவில்லை,
ஏறக்குறைய பேசினான்,
பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பாமல்
சாவி தேடுகிறவன் போல.

தாளைத் தாங்க ஸ்டாண்ட் இல்லை.
நாடாவை ஓடவிட்டு உள்ளே போய்
அவன் எதிரில் உட்கார்ந்து
தாளைப் பிடித்தேன்.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு.
அன்றிரவு அவன் பிந்தவில்லை.
பிந்துவதற்கு முன்னால் யாரும் போயிருக்கவில்லை.

பாட்டின் நடுவில், 'கதவு' என்ற சொல்லுக்குப் பின்
ஒரு கிறீச்.
என் நாற்காலி.

எழுநூறு விற்றது.
மிச்சம் தள்ளுபடிப் பெட்டியில்
போன வருடக் காலண்டர்களுக்கு அடியில்.
ரொம்பப் பின்னால் ஒரு இளம் விமர்சகன் அதைக் கண்டெடுத்து
'இழப்பின் ஆழம்' என்று எழுதினான்.
கடைவாய்ப் பல்லுக்கு வேர் ஆழம்தான்.
கிறீச்சையும் விடவில்லை அவன்:
'திறக்காத கதவின் ஓசை'யாம்.

எண்பத்தொன்பதில் ஸ்கெக்னஸ் விடுமுறை முகாமில்
அவனைப் பார்த்தேன்.
பிங்கோ முடிந்ததும் மேடையேறி
அந்த இரண்டு நிமிடம் பத்து வினாடியை
இரண்டு தடவை பாடினான்.
இப்போது பிந்தி வந்தது மூச்சு.
கூட்டம் மேசையைத் தட்டியது.
அவர்களுக்கு அது போதும், அவனுக்கும் அன்று போதும் போலிருந்தது.

பாரில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
அடையாளம் தெரியவில்லை.
மூன்றாம் பாட்டைக் கேட்டேன்.
'அதுவா,' என்று கன்னத்தைத் தடவினான்.
'நல்ல பாட்டுதான்.
நடுவில் எவனோ நாற்காலியை ஆட்டிக் கெடுத்தான்.
கையில் கிடைத்தால் இன்றைக்கும் விடமாட்டேன்.'

அவன் பீருக்கும் சேர்த்து நானே காசு வைத்தேன்.
அவன் குடித்து முடிக்கும்வரை
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.