இரண்டு பத்துக்குப் பிறகு

என் பெயரை வாசிக்கையில் டாக்டர் சும்ஷ்டைன்
நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்செடுத்தாள்.
சுகிர்தமலர். குலேந்திரன்.
நானும் அப்படித்தானாம் இரவு முழுக்க.
எடுக்கிற மூச்சு மட்டும்
சில வேளை மிகவும் பிந்தி வருகிறது.

புர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
திரையில் நான்.
நெஞ்சுப் பட்டியும் மூக்குக் குழாயும்
விரல் நுனியில் சிவப்பு விளக்குமாய்
என் வீட்டுக் கட்டிலில் கிடந்த ஒரு செவ்வாய் இரவு
நீலக் கோடாகிக் கிடக்கிறது.
மலை, மலை, மலை,
பிறகு வெறும் தரை.
"இந்தத் தரை ஐம்பத்திரண்டு செக்கன்" என்றாள்.

மணிக்கு முப்பது தடவை.
ஒட்சிசன் எழுபத்தொன்பது வரை இறங்கியிருக்கிறது.
எழுபத்தொன்பது கணக்குப் பாடத்தில் நல்ல புள்ளி என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
என் ஜெர்மனில் ஏதோ ஒன்று கீழே விழுந்துவிட்டது.

மூச்சுவிட நேரமில்லை என்று
சலவைக்கூடத்தில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்,
விடுதி விரிப்புகள் நூறு நூறாய் உருளைக்குள் போகையில்.
உடம்பு அதை உத்தரவாக எடுத்துக்கொண்டதோ.
ரயிலில் கண்ணயர்ந்து
இறங்குமிடம் தாண்டி ஹாஸ்லே போய்த் திரும்பியதும்,
ஒரே கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டதும்
வயது என்றிருந்தேன்.
இரும்புக் குளிசை போட்டேன்.
குறட்டை ஆம்பிளையளின் சாமான் என்றும் இருந்தேன்.

பேனாவின் பின்பக்கத்தால் ஓரிடத்தைத் தட்டினாள்.
"இதற்கு முன் மணிக்குப் பதினான்கு.
இதற்குப் பின் நாற்பத்தாறு.
அதுவரை சரிந்து படுத்திருக்கிறீர்கள்,
பிறகு விடியும்வரை மல்லாந்து.
இரண்டு பத்துக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?"

இரண்டு பத்துக்கு
குலேந்திரன் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி
ஓசையில்லாமல் கதவைச் சாத்துகிறார்.
பேக்கரியில் மாவு பொங்கிக் காத்திருக்கிறது.

பதினொரு வருசமாக என் இடது தோளில் ஒரு நோ.
தைலம் பூசினேன், உருளை மெசினைத் திட்டினேன்.
அது அவருடைய முழங்கை.
"அங்கால திரும்பிப் படும்" என்பதன்
சொல்லப்படாத பாதி.
பட்டி இல்லாமல், விளக்கு இல்லாமல்
மனுசன் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார்.
எப்போது நித்திரை கொண்டார்?

வழிகளைச் சொன்னாள்.
காற்றை ஊதும் மாஸ்க்.
கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் அச்சு.
எனக்குக் கடைவாயில் நாலு பல் இல்லை,
அது எதைப் பிடித்துக்கொள்ளும்?
பிறகு முதுகில் கட்டுகிற ஒரு பட்டி,
மல்லாந்தால் அதிர்ந்து புரட்டிவிடுமாம்.
"அதைப் பதினொரு வருசம் பாவித்தாயிற்று" என்றேன்.
இந்த முறை சிரித்தாள்.
பிறகு கோட்டைக் காட்டி, மாஸ்க்தான் என்றாள்.
காப்புறுதி தரும், பத்தில் ஒன்று என் பங்கு.
மேசையில் கிடந்த மாதிரியை மூக்கில் வைத்துப் பார்த்தேன்.
கண்ணாடியில் தும்பிக்கை முளைத்த ஒருத்தி.
யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பினேன்.

வீட்டுக்கு வர மூன்று மணி.
அறையில் திரை இழுத்திருந்தது.
பகல் நித்திரையில் அவர்,
மயிரில் இன்னும் மாவு.
மூச்சு சீராய்ப் போய் வந்தது, ஒன்றும் தவறவில்லை,
என்னையறியாமல் எண்ணியிருந்தேன்.

அப்போது அவருடைய முழங்கை அசைந்தது.
பக்கத்தில் நான் இல்லை.
வெறும் தலையணையை
இரண்டு தரம், பக்குவமாக, இடித்தது.
பதிலுக்குக் காத்திருந்தது.
பிறகு இன்னொரு தரம்.

குசினிக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு
நம்பரை அழுத்தினேன்.
திங்கட்கிழமை பத்து மணிக்கு வரலாமாம்.
மூக்கு அளவு சின்னதா நடுத்தரமா என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.
தெரியாது, வந்தால் அளந்து பாருங்கள் என்றேன்.
சத்தமாகச் சொல்லச் சொன்னாள்.
இதற்குமேல் முடியாது,
ஆள் படுத்திருக்கிறார் என்றேன்.