மூன்றாவது ஸ்டட்

எட்டு ஸ்டட்டில் மூன்று ஒடிசல்.
"சைலன்சர் பக்கம் டப்டப்புன்னு அடிக்குதுங்க" என்று
உமையாள் வண்டியை விட்டுப்போனது வியாழன் காலை.
ஞாயிறு வைரவன்பட்டி சவாரி இருக்கிறதாம்.

புதுவயல் மில்களின் தவிடு
இன்ஜின் ஹெட் மேல்கூடப் படிந்திருந்தது. துடைத்தேன்.
முதலாவது ஒரு நகக்கண் வெளியே நின்றது.
நட்டை வைத்து ஒரு வெல்டிங் பொட்டு,
சிவப்பு ஆறும்வரை டீ,
பிறகு கால் சுற்று முன்னே, அரைக்கால் பின்னே,
தூங்கிப்போன பிள்ளையின் கையிலிருந்து
சாவியை உருவுகிற மாதிரி.
வந்துவிட்டது.

இரண்டாவது, மட்டத்தோடு மட்டம்.
சூடு காட்டி மெழுகுவத்தியைத் தொட்டேன்.
மரைக்குள் மெழுகு இறங்குவது
காதுக்குக் கேட்டது.
அதுவும் வந்தது, சாயங்காலம் ஆறேகாலுக்கு.

மூன்றாவதில்
ஏற்கெனவே ஒரு துளை.
துளைக்குள் ஒடிந்த ஈஸி-அவுட்,
என் டிரில் எதுவும் கடிக்காத எஃகு.
எவன்டா இந்த வேலை பார்த்தவன் என்று
தெருவுக்கே கேட்கத் திட்டினேன்.
பீர்முகமது டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தான்.
துளை இடப்பக்கம் சரிந்திருந்தது.
என் துளைகள் இடப்பக்கம்தான் சரியும்.

போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி.
சீலர் பூசி, மேலே துடைத்து,
"ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பினேன்.

பீர்முகமது எதுவும் கேட்கவில்லை.
டார்ச்சை மட்டும் வேறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

கார்பைடு முனை வாங்கக் காரைக்குடிக்கு பஸ் ஏறினேன்.
சனிக்கிழமை ராத்திரி பதினொன்றுக்கு
பொடிப்பொடியாய் வந்தது அது.

பில்லில் எழுதினேன்:
ஸ்டட் எடுத்த கூலி, இரண்டு.
உமையாள் இரண்டு தடவை படித்தாள்.
"மூணுன்னு சொன்னீங்களே?"

ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, என்றேன்.