சலவை அறை, செவ்வாய், ஐந்தரை

நாற்பது தொன் இரும்பை
ஓஸ்ட்ரிங்கிலிருந்து பூம்பிளிட்ஸ் வரை
ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போகிற எனக்கு
உடம்பில் இரும்பில்லையாம்.

டாக்டர் வூத்ரிச் தாளைத் திருப்பிக் காட்டினார்.
ஃபெரிட்டின்: ஆறு.
முப்பதாவது வேணும் என்றார்.
நான் அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் ஓட்டுகிற டிராம் ஏழு.
அதற்கும் ஒன்று குறைவு.

படியில் மூச்சு, சீப்பில் மயிர்,
ஸ்டேஷன் வளைவில் கண்ணுக்குள் ஒரு கணம் இருட்டு.
எல்லாவற்றுக்கும் குளிர் என்று பேர் வைத்திருந்தேன்.
"இரும்பு அடிக்கிற இடத்தில ஈக்கென்ன வேலை" என்று
அருட்செல்வன் பகிடி விட்டான்.
தாளை வாங்கி வாசித்தபின்
அவனே போய்ப் பாத்திரம் கழுவினான்.

குளிசை வயிற்றைக் கட்டிப்போட்டது.
சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள்,
அது இரும்பை வழியிலேயே மறிக்குமாம்.
இத்தனை வருசம் குடித்த கோப்பை ஒவ்வொன்றும்
ஒரு சிவப்பு விளக்கு.
நானோ பச்சை என்று நினைத்து
சீனி போட்டுக் கலக்கியிருக்கிறேன்.

பிறகுதான் ஆலை வந்தது.
தூன் பக்கம் யாரோ கழித்து விற்ற சாமான்:
மரப்பெட்டி, உள்ளே இரண்டு கல்,
மேலே திறந்த வாய்.
ஒரு சுண்டு டிங்கெல் கோதுமை போட்டேன்.
மழையில் பிரேக் பிடிக்கிற ஏழாம் இலக்கம்போலக்
கத்தியது வீடு முழுக்க.

மா சூடாக விழுந்தது.
வெள்ளையில்லை, மண்ணிறத்துக்கு ஒரு படி முன்னால்.
உள்ளங்கையில் தவிடு குத்தியது.
பக்கத்தில் கடை மாப் பையைத் திறந்து வைத்தேன்:
வெளிறிப்போய்,
பழைய அடையாள அட்டையில் என் முகம்.

ஆனால் அப்போது விடிய நாலு மணி.
எனக்கு ஐந்துக்கு வேலை.
கீழ்வீட்டு எகெர்ட்டர் அம்மா படிக்கட்டில் ஒட்டினா,
பேர் போடாமல், எல்லாருக்கும் விளங்க:
"இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
இந்தக் கட்டடத்தில் கல்லுடைப்பதில்லை."

ஞாயிறும் ஆகாது. மத்தியானமும் ஆகாது.
சலவை அறை அட்டவணையில்
செவ்வாய் பின்னேரம் ஐந்தரை மட்டும் வெறுமை.
பென்சிலால் எழுதினேன்: ஆலை.
இரண்டு நாள் யாரும் அழிக்கவில்லை.
மூன்றாம் நாள் பார்த்தால்
அதே எழுத்தின்மேல் யாரோ
பேனையால் ஓட்டியிருந்தார்கள்.

சலவை இயந்திரம் ஒரு பக்கம் சுழல
ஆலை மறுபக்கம் கத்த
எகெர்ட்டர் அம்மா கூடையோடு இறங்கி வந்தா.
மாவுக்குள் ஒரு விரலை விட்டா.
சலிப்பியா என்று கேட்டா.

சலிக்கிறதில்லை என்றேன்.
இரும்பை வைத்திருக்கிறதும் தவிடுதான்,
தர மாட்டேன் என்று பொத்திப் பிடிக்கிறதும் தவிடுதான்.
இரவு முழுக்கப் புளிக்க விட்டால்
கொஞ்சம் கை விரிக்கும்.

"என்ரை மனுசன்ரை ஆக்கள் மாதிரி" என்றா.
"எமென்டால் பண்ணைக்காரர். அவை
புளித்தும் விரிக்கேல்லை."
அவவின் உடுப்பெல்லாம் சுழன்று முடியும்வரை
கதைக்கவில்லை. போகவுமில்லை.

புளித்த மாவில் தோசை சுட்டேன்,
தடிப்பாய், ஓரம் வெடித்து.
தேசிக்காய் பிழிந்து கீரை.
மகன் லிதுர்சன் முதல் வாயோடு
இது மரமா என்று கேட்டான்.
பிறகும் இரண்டு தின்றான், முகத்தைச் சுளித்தபடியே.

ஆறு மாதம் கழித்து அதே நாற்காலி.
பத்தொன்பது.
குளிசையா ஆலையா என்று கேட்டேன்.
வூத்ரிச் தோளைக் குலுக்கினார்.

பத்தொன்பது எல்ஃபெனாவுக்குப் போகிற பஸ்.
முப்பது எங்கே போகிறதென்று
நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

கையில் பஞ்சு ஒட்டிய இடம் லேசாக வலித்தது.
மத்தியானச் சாப்பாடு முடிந்து
மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் இருந்து,
பிறகு,
நல்ல சாயத்தோடு ஒரு தேத்தண்ணி.