ஒரு டாலர் பதம்

பிப்ரவரி. மெய்ன் மாநிலத்தின் வடகோடி.
இரவு இரண்டேகாலுக்கு
மேசை மேல் கைபேசி அதிர்ந்து
விளிம்பை நோக்கி ஊர்ந்தது.
நன்கொடை வந்தது: ஒரு டாலர்.
அடங்குமுன் இன்னொன்று.
அதற்குப்பின் அது அடங்கவேயில்லை.

எங்கள் விறகு வங்கியில்
இரும்புப் பெட்டகம் கிடையாது.
ஒரு கொட்டகை, பிளக்கும் எந்திரம்,
மேப்பிளும் பீச்சும் அடுக்கிய வரிசைகள்,
எண்ணெய் வாங்க முடியாத
முப்பத்தோரு வீடுகளின் பட்டியல்.
ஒரு டாலருக்கு மூன்று பிளவு விறகு.
கணக்கு என் பொறுப்பு.

படுத்தபடியே பெருக்கிப் பார்த்தேன்.
நானூறு டாலர் என்றால் ஆயிரத்து இருநூறு பிளவு!
யாரோ எங்கோ நம்மைப் பற்றி
நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்.
இந்தக் குளிர்காலத்தில்
நான் கதகதப்பாக இருந்தது
அந்தப் பத்து நிமிடம்தான்.

பிறகு பெயர்களைப் பார்த்தேன்.
தட்டச்சுப் பலகையில் பூனை நடந்த பெயர்கள்.
எல்லோருக்கும் ஒரே தெரு, ஒரே கதவெண்.
நிமிடத்துக்கு நாற்பது பேர்
நேசிக்கும்படி நாங்கள் எதுவும் செய்துவிடவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
திருடிய அட்டைக்கு ஒரு டாலர்.
உயிர் இருக்கிறதா என்று
நசுக்கிப் பார்க்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும்,
எதுவும் கேட்காமல் நன்றி சொல்லும் இடம்.
சொன்னோம்.
நானூற்றுப் பதினொரு முறை,
தானாகவே, கொட்டகையின் படத்தோடு.
பானை இனி வேறெங்கோ காலியாகும்
தொலைக்காட்சிகளாக, விமானச் சீட்டுகளாக.

அட்டைக்காரர் முறையிட்டால்
டாலர் ஒன்றுக்குப் பதினைந்து டாலர் தண்டம்
என்றாள் வங்கிக்காரி, கொட்டாவியோடு.
மூன்று பிளவு வந்த வழியில்
நாற்பத்தைந்து பிளவு போகும்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள்.
இடுகிற கையைப் பாத்திரமும் அறியவேண்டும் என்று
எவரும் சொல்லி வைக்கவில்லை.

விடியுமுன் படிவத்தை மூடினேன்.
பள்ளியில் கணினி பார்க்கும் தங்கை மகன் ரேனால்ட்
காலணிப் பனியோடு வந்து உட்கார்ந்தான்.
அட்டையின் முதுகிலுள்ள மூன்று எண் கட்டாயம்.
ஒரே இடத்திலிருந்து மூன்று முறைக்கு மேல் முயன்றால் கதவடைப்பு.
நான் எந்திரமல்ல என்று ஒரு கட்டம்.
ஐந்து டாலருக்குக் கீழே யாரும் தரமுடியாது.
நான் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்,
நண்பகல் வரை, காப்பி ஆறிப்போகும் வரை.

துல்சாவிலிருந்து ஒருத்தி அழைத்தாள்.
அட்டைக் கணக்கில் எங்கள் பெயரைப் பார்த்தாளாம்.
கோபமாகத்தான் தொடங்கினாள். நடுவில்,
"விறகுக்கா வங்கி? அங்கே அவ்வளவு குளிரா?"
ஆமாம் என்றேன்.
அட்டையை ரத்துசெய்யச் சொன்னேன்.

வியாழக்கிழமை கொட்டகை வாசலில்
தியோஃபில் சீர் வந்து நின்றார்.
பட்டியலில் பதினேழாவது வீடு.
மாதம் பிறந்தால் ஒரு டாலர் போடுவார்,
சும்மா வாங்கிப் பழக்கமில்லாதவர்.
அந்த இரவின் குவியலில் அவருடையதும் கிடந்திருக்கிறது,
ஒழுங்கான பெயரோடு, உண்மையான தெருவோடு.
நான் படிக்கவில்லை.
திருப்பிவிட்டேன்.
மறுபடி போட்டுப் பார்த்தாராம்,
ஐந்துக்குக் கீழே வாங்கமாட்டோம் என்றதாம் படிவம்.

"என் அட்டையில் ஏதாவது கோளாறா?"

விதியைத் தளர்த்த ரேனால்ட் ஒப்பவில்லை.
ஒரு சிறு ஓட்டை போதும் என்றான்.
அவன் சொல்வது சரிதான்.
சரியாக இருப்பதுதான் தொண்டையில் நின்றது.

தியோஃபில் கையுறையைக் கழற்றினார்.
நான்காய் மடித்த ஒரு டாலர் தாளைப் பிரித்து நீட்டினார்.
வாங்கினேன்.
வாங்கிய கை, என்னைக் கேட்காமலே,
அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தது.

நான் பார்ப்பதை
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.