ஒன்றாக்கு

மூன்று வாரமாகக் கிளினிக் அறையில் கணினி இருக்கிறது.
அதற்கு முன் அந்த மூலையில்
பஞ்சு போடும் வாளி இருந்தது.
லிந்துலைக் குளிர் இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை,
காலையில் கண்விழிக்க ஏழு நிமிடம் கேட்கிறது.
அதுவரை வெளியே வாங்குகளில்
நனைந்த படங்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே
நாற்பத்தொரு பேர் இருமுகிறார்கள்.

பெயர்?
பூங்காவனம்.
வீட்டு இலக்கம், வீதி?
இரண்டும் கட்டாயம். சிவப்பு நட்சத்திரம்.
அவளிடம் வீதி இல்லை.
பத்தாம் நம்பர் மலைக்குக் கீழே,
தண்ணிப் பீலிக்குப் பக்கத்து லயம்,
அஞ்சாவது காம்பரா.
வீதி என்ற இடத்தில் பீலி என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு
ஜனவரி ஒன்று போடச் சொல்லியிருக்கிறார்கள்.
என் கிளினிக்கில் பாதிப்பேர்
ஒரே நாளில் பிறந்தவர்கள்.

பிறகு திரை ஒரு பட்டியலை நீட்டியது:
டிக்கோயாவில் ஒரு புங்கவனம்.
நுவரெலியாவில் பூன்காவனம்.
தலவாக்கலையில் பூங்காவணன், ஆண்.
ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் வாசித்து,
தமிழில் கூப்பிட்ட பெயர்.
மூவருக்கும் ஒரே சீனி வருத்தம்,
ஒரே இடது கால்.

ஒன்றாக்கு என்றது ஒரு பொத்தான்.
மீளப் பிரிக்க முடியாது என்றது அதன் கீழே ஒரு வரி.
அவளிடம் கேட்டேன். சிரித்தாள்.
"மூணு பேரும் நாந்தானுங்களா?
அப்ப மூணு பேரு மருந்தும் குடுப்பீங்களா?"

அழுத்தினேன்.
வட்டம் சுற்றிச் சுற்றி நின்றபோது
முதலில் வந்தது சிவப்பு எழுத்து:
பெனிசிலின். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல்.
அட்டை கடித்துப் புண்ணான காலுக்கு
துண்டில் நான் அமொக் வரை எழுதியிருந்தேன்.
அவளுடைய கொப்பியில்
அந்தப் பக்கம் மழையில் கரைந்து
வெறும் நீலமாக இருந்தது.
துண்டைக் கிழித்து வேறு எழுதினேன்.
மூன்று வாரம் திட்டிய பெட்டிக்கு
வாய்விட்டு நன்றி சொல்லவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
கீழே இறக்கினேன்.
பிரசவம், 1996. உயிரற்றது: 1.
"உங்களுக்குப் பிள்ளைகள் மூன்றா, நாலா?"
கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டேன்,
இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறேன்.

பதில் வரவில்லை.
அவள் எழுந்து மேசையைச் சுற்றி
என் பக்கம் வந்து நின்றாள்.
யாரும் வராத பக்கம் அது.
எழுத்து வாசிக்கத் தெரியாது அவளுக்கு.
"அதுவும் இதுக்குள்ள இருக்குங்களா?"
இருக்கு.
"பேரோடயா?"

அந்தக் கட்டம் இலக்கம் மட்டும் வாங்கும்.
அவள் குனிந்து சொன்னாள்,
கொழுந்துக் கறை படிந்த விரலால்
அந்த ஒன்றைத் தொட்டுக்கொண்டே.
வீட்டுக்காரனுக்குக்கூடச் சொல்லவில்லையாம்.

எங்கே எழுதுவது என்று தேடினேன்.
வெளியே இருமல். யாரோ கதவைத் தட்டினார்கள்.
எழுத்தை வாங்கும் கட்டம் ஒன்றுதான் கிடைத்தது.
தற்போதைய மருந்துகள்:
மெற்ஃபோமினுக்கு அடியில்
அளவில்லை, வேளையில்லை,
ரஞ்சிதமலர்.

சேமிக்கப்பட்டது.

காலுக்குக் கட்டுப் போட அனுப்பினேன்.
நுவரெலியாவில் யாராவது ஒரு நாள்
இதைத் திறந்து வைத்துக்கொண்டு
இது எந்தக் கம்பனி மருந்தென்று
தேடக்கூடும்.